இடது கண்ணின் பகல்

பார்வையே இல்லாத கண்ணை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வாழ்நாள் முழுக்க ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவர் கல்யாணராமன். பயன்படாததைக் கழித்துக்கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓடாத மிக்ஸி, கதவு உடைந்த பீரோ, எல்லாம் இந்த வீட்டைவிட்டு அப்படித்தான் போயின. இப்போது என் இடது கண்ணின் முறை. அடையாறில் இருக்கும் கண் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை அதை எடுப்பதாக நாள் குறித்தாகிவிட்டது. அவர் நிம்மதியாக இருந்தார். எனக்குத்தான் பயம்.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் வேம்புவுக்குக் கண் மட்டுமல்ல, புத்தியும் போய்விட்டது என்பார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், இவரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததற்கு மேல் வாய் எழவில்லை.

எனக்குச் சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு சுவரைத் தடவித் தடவி நடப்பேன். பிறகு பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, என் பெண் மதுவந்தி பிறந்த சில வருஷத்தில் முழுசாக அணைந்துவிட்டது. எங்கள் குடும்பத்து வியாதி அது. வெளியில் கொடுத்தால் கேள்வி கேட்பார்கள் என்று பயந்துதான் என்னை என் அத்தை பிள்ளைக்கே கட்டிவைத்தார்கள். அத்தை வீட்டார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு புத்திசாலிகள்.

அப்புறம் வலது கண்ணில் அழுத்தம் கூடி, வலி தாங்காமல் அதை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கண் வைத்தார்கள். இடது கண்ணில் வலி ஒன்றும் இல்லை. பாலாடை படிந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது என்று மது சொல்வாள். அதில் ஒன்றும் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், வெயிலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்றுகூட என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அதற்காக நான் மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. பாண்டி பஜார் பக்கம் ஒரு வங்கி அலுவலகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். இந்தக் காலத்தில் யாரும் போர்டு வழியாகக் கூப்பிடுவதில்லைதான். ஆனாலும் ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலி என்னுடையது. காலையில் எழுந்து காபி போட்டு, சமைத்து, ஆட்டோ பிடித்து, வேலை முடித்துத் திரும்புவேன். அலாரம் வைத்துக்கொண்டதே இல்லை. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மதுவுக்கு வரன் வந்ததும்தான் எல்லாம் ஆரம்பித்தது. பையன் பரத்வாஜ். அடையாறு, நல்ல குடும்பம், மதுவுக்கும் பிடித்திருந்தது. அவனுடைய அம்மா போனில் மெதுவாக, உங்காத்து மாமிக்குக் கண் எப்படி இந்த மாதிரி ஆச்சு என்று விசாரித்தாள். சின்ன வயசில் டைபாய்டு என்று இவர் சொல்லிவிட்டார். சொன்னவர் சும்மா இருந்தாரா? பெண் பார்க்க வரும்போது வெள்ளைக் கண்ணைப் பார்த்தால் மறுபடி பேச்சு கிளம்பும் என்று, அதன் மேலே பொருத்திக்கொள்ள ஒரு ஷெல் செய்யச் சொன்னார். கண்ணின் மேலேயே உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. வெள்ளைவிழி, கருவிழி, ஓரத்து நரம்பு எல்லாம் அதிலே வரைந்திருக்கும். வலது கண்ணுக்குச் சரிஜோடி.

அதை முதல் தடவை பொருத்திய அன்று மது என் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். அப்புறம், நான் அவளைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. நானும் பூரித்துப் போனேன், அதை மறைப்பானேன். காலையில் பல் தேய்த்ததும் ஷெல்லைப் போட்டுக்கொள்வேன். படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவைப்பேன். நடுவில் கழற்ற இவர் விடமாட்டார். வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாதாம்.

பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதற்குள்ளேயே என் தூக்கம் நழுவ ஆரம்பித்திருந்தது.

முதலில் படுத்தவுடன் வருகிற தூக்கம் கொஞ்சம் தாமதித்தது. கல்யாணக் கவலை என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் தாமதித்தது. அதற்கு மறுநாள் இன்னும். ஒவ்வொரு நாளும் யாரோ என் இரவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தள்ளிவைத்துக்கொண்டே போன மாதிரி இருந்தது. வீடு அடங்கி, தெரு அடங்கி, எல்லாரும் தூங்கிய பிறகும் எனக்குள் சாயங்காலம் மாதிரி சுறுசுறுப்பாக இருக்கும். விடியும் நேரத்தில் கண்ணைச் சுழற்றும். என்னிடம் மணி சொல்லும் கைக்கடிகாரம் உண்டு. பொத்தானை அழுத்தினால் பெண்குரலில் நேரம் சொல்லும். அவள் காலை என்பாள். என் உடம்பு நடுநிசி என்று சாதிக்கும். காது கேட்டதை உடம்பு கேட்கவில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். எனக்குக் கண்ணைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை, காடுதான் புதிது.

இத்தனைக்கும் வெளியில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்கு நடுக்கம். கோயில் மணி அதே நேரத்தில் அடித்தது. பால் பாக்கெட் அதே சத்தத்தோடு வாசலில் விழுந்தது. டிகாக்ஷன் வாசனை அதேதான். மாடவீதியில் கீரைக்காரி அதே கட்டைக்குரலில் கத்தினாள். இவற்றை வைத்துத்தான் நான் பொழுதை அறிகிறேன் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் வந்து தட்டின. உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் ஆட்டோவில் தூங்கிவிட்டேன். "இன்னாமா, எறங்கலியா? எம்மாந்நேரமா கூப்டுகினு கீறேன்" என்று டிரைவர் தோளைத் தட்டினபோது, நான் யார், எங்கே போகிறேன் என்பதே சில நிமிஷம் பிடிபடவில்லை. நடைபாதையில் இறங்கி நின்று, பாண்டி பஜார் இரைச்சலில், எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் அழுதேன். அந்த வழியை நான் உறக்கத்தில்கூட நடப்பேன் என்று பீற்றிக்கொண்டவள். அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர் லைனில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தலை மேஜையில் சாய்ந்துவிட்டது. அவர் ஹலோ ஹலோ என்று கத்தியது எல்லாருக்கும் கேட்டதாம், எனக்கு மட்டும் கேட்கவில்லை. மானேஜர் கோபப்படவில்லை. லீவு எடுத்துக்கோங்கம்மா என்று இரக்கமாகச் சொன்னார். அந்த இரக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது.

பிறகு, தானாகவே சரியாயிற்று. இரவு சுற்றிச் சுற்றி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நிச்சயதார்த்தம் அந்த நல்ல நாட்களில் விழுந்தது. நான் சிரித்துப் பேசி, சம்பந்தியோடு தட்டு மாற்றி, பிழைத்தேன் என்று கபாலிக்கு அர்ச்சனை செய்தேன். அர்ச்சனைத் தேங்காய் தீர்வதற்குள் தூக்கம் மறுபடி நழுவியது. இரண்டாம் சுற்று முதல் சுற்றைவிடக் கொடுமை. முதல் தடவை எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது, அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே கொண்டுபோய் என்னைத் தள்ளும் என்று தெரிந்தது.

குடும்ப டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற தாய்க்கு இதெல்லாம் சகஜம், மனசுதான் காரணம் என்றார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. வந்த தூக்கம் போக வேண்டிய நேரத்தில் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். இவர் கல்யாணப் பத்திரிகை விஷயமாகச் சிந்தாதிரிப்பேட்டை அச்சகத்துக்குப் போயிருந்தார். மது பிளவுஸ் தைக்கக் கொடுக்க தி. நகர் போயிருந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். நின்றுகொண்டிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது மதுவின் கை. என் அக்குளைப் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்தாள். தொண்டையெல்லாம் கேஸ் நாற்றம். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருக்கிறது. கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"உன்னை இப்படி விட்டுட்டு நான் எப்படிம்மா கல்யாணம் பண்ணிண்டு போறது?" என்றாள்.

அன்றிலிருந்து நான் அடுப்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு. வேலைக்கும் நீண்ட லீவு. மதுவின் கல்யாணத்துக்குப் பிறகு என்னை யார் பார்த்துக்கொள்வது என்று அப்பாவும் பெண்ணும் சமையலறையில் குசுகுசுத்தார்கள். கண் இல்லாதவளுக்குக் காது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பைத்தியம் ஆகிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நம்பினேன். கல்யாணத்துக்கு முன்னால் முழுசாக ஆகிவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. ஷெல்லுக்கு அடியில் எரிச்சல், சீழ், தலைவலி. ஷெல்லைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். குணமாகும் வரை போடக் கூடாது. மெட்ராஸ் ஐ வந்தவளைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. பத்திரிகை வைக்க ஊரெல்லாம் அலைய வேண்டியவருக்குக் கண் சிவந்தால் என்ன ஆகும்? ஆகவே பகல் முழுக்க நான் மொட்டை மாடியில் இருப்பது என்று தீர்மானம் ஆயிற்று. மேலே கல்யாணத்துக்காகக் கூழ் வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள். கண் தெரியாதவளைக் காக்காய் விரட்ட வைத்த குடும்பம் மயிலாப்பூரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். சிறகடிக்கும் சத்தம் வந்த பக்கம் கம்பை வீசுவேன். கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கொடுத்தார்கள். வியர்வையில் வழுக்குகிறது என்று அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

சில நாளில் ஒரு மாற்றம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தலைக்குள் இருந்த பஞ்சு விலகும். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கொட்டாவி வந்தது. பழைய, சாதாரணக் கொட்டாவி. படுத்தேன், தூங்கினேன், கோயில் மணிக்கு முன்னால் விழித்தேன். மறுநாளும் அப்படியே. அது நழுவவில்லை. நான் காத்திருந்தேன், பயந்துகொண்டே காத்திருந்தேன், அது நழுவவே இல்லை. சந்தோஷத்தில் ஒரு நாள் காக்காய்களுக்கு வடாமில் பங்கு கொடுத்துவிட்டேன்.

கண் குணமாயிற்று. ஷெல் திரும்பி வந்தது. தூக்கம் மறுபடி நகர ஆரம்பித்தது.

வெயில் இல்லாததால்தான் என்று எண்ணி, ஷெல்லைப் போட்டுக்கொண்டே மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரம் தோல் கறுத்ததுதான் மிச்சம். அப்போதுதான் எனக்குள் அந்த நினைப்பு வந்தது. என் செத்துப்போன இடது கண், யாருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல், இத்தனை வருஷமாக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் காலையில் உடம்புக்குள் போய், பொழுது விடிந்தது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது. நாங்கள் அதன் வாயில் துணியை அடைத்துவிட்டோம்.

இவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வேம்பு, உனக்கு வெளிச்சம் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத வெளிச்சம் போயிடுத்துன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆடிட்டரிடம் மாட்டினால் இப்படித்தான்.

மெட்ராஸ் ஐ வந்ததிலிருந்து அந்தக் கண்ணில் ஷெல் சரியாக உட்காரவில்லை, உறுத்தியது. ஷெல் செய்து கொடுத்தவர் ஒரு யோசனை சொன்னார். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஒரு உருண்டை வைத்துத் தைத்துவிட்டால் ஷெல் கச்சிதமாகப் பொருந்தும், பக்கவாட்டில் அசையக்கூடச் செய்யும். ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் புண் ஆறிவிடும். வீடியோவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்படித்தான் வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. மதுவிடம் கேட்டபோது அப்பா சொல்கிறபடி செய்யலாம் என்றாள். குரலில் உற்சாகம் இல்லை. அவளும் என்னைப் போலவே கத்தியை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்கு எந்த வியாழக்கிழமையும் இருக்காது என்பதுதான் என் பயம். பார்வை போனபோது எனக்கு மனிதர்கள் முகம் போயிற்று, மதுவின் முகம் போயிற்று. அழுது தீர்த்து ஆறிக்கொண்டேன். ஆனால் அப்போதும் நான் எல்லாரோடும் சேர்ந்து தூங்கி, எல்லாரோடும் சேர்ந்து விழித்தேன். இனிமேல் இந்த ஊர் ஒரு பக்கம் விழித்திருக்கும், நான் ஒரு பக்கம் விழித்திருப்பேன். மாதத்தில் சில நாள் மட்டும் எதிர்ப்பட்டுப் பேசிவிட்டு மறுபடி விலகிப் போவோம். சாகும் வரை அப்படி. ஷெல்லையாவது கழற்றலாம். எடுத்த கண்ணை எங்கே போய்க் கேட்பது?

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் நீரஜாதான் ஆபரேஷன் செய்வதாக இருந்தது. அவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் காத்திருந்தேன்; பிற்பகல்தான் என்னையும் இவரையும் மதுவையும் உள்ளே கூப்பிட்டார்கள். கடைசிப் பரிசோதனை என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தூக்கம் எப்படி?

மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவள், அந்தக் கேள்விக்கு நிறுத்தாமல் பேசினேன். ஷெல், தூக்கம் சுற்றுவது, கேஸ், மெட்ராஸ் ஐ, வடாம், காக்காய் எல்லாம் கொட்டினேன். இவர் இரண்டு தடவை இருமினார். டாக்டர் குறுக்கே பேசவில்லை. ஷெல் இல்லாத நாட்களில் தூக்கம் நகரவே இல்லையா என்று மறுபடி மறுபடி கேட்டார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கண்ணில் பார்ப்பதற்கென்று உள்ள செல்கள் வேறு, என்றார். அவை எனக்குச் செத்துவிட்டன. ஆனால் அவற்றோடு கொஞ்சம் செல்கள் உண்டு. அவை எதையும் பார்ப்பதில்லை. பகலா இரவா என்று மட்டும் மூளைக்குச் சொல்லும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, நிறைய பேருக்கு அது ஒரு நாளைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடும். தினமும் வெளிச்சம்தான் அதைத் திருத்திவைக்கிறது. சத்தம், சாப்பாடு, வேலை எல்லாம் உதவும், ஆனால் வெளிச்சம் அளவுக்கு அவற்றுக்குப் பலம் இல்லை. பார்வை முழுசாகப் போன சில பேருக்கும் அந்தச் செல்கள் பிழைத்திருக்கும். கண்ணின் மேலே படிந்த பாலாடை வெளிச்சத்தை முழுசாகத் தடுக்காது. வண்ணம் பூசிய ஷெல் தடுக்கும்.

"அப்போ எடுக்கக் கூடாதுங்கறேளா?" என்று இவர் கேட்டார்.

"நூறு சதவீதம் இதுதான்னு சொல்ல முடியாது சார். ஆனா இந்தக் கண்ணுல வலி இல்லை, வியாதி இல்லை. அழகுக்காகத்தான் எடுக்கறோம். எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாது. அம்மா யோசிச்சுச் சொல்லட்டும், கூப்பிடறேன்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பைத்தியம் இல்லை. அதைக் கேட்டதும் வந்த நிம்மதியை இவர் அனுபவிக்க விடவில்லை. மேடையில் ஷெல் உறுத்தி, கழற்றிவிட்டு அந்தக் கண்ணோடு நின்றால், அதற்கப்புறமும் வந்துபோகும்போதெல்லாம் அதையே பார்த்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், டைபாய்டில் இப்படி ஆகாது என்று யாராவது டாக்டர் உறவினர் எடுத்துக்கொடுத்தால் என்ன ஆகும், பரம்பரை வியாதி என்று தெரிந்தால் பத்திரிகை அடித்த கல்யாணம் நின்றுபோகுமே, என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். தூக்கத்துக்கு வேறு மாத்திரை இல்லாமலா போகும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்தான். பேசி முடித்துவிட்டு, தொண்டை வறள்கிறது என்று காபி குடிக்கக் கீழே போனார்.

நான் யோசித்தேன். நழுவி நழுவிப் போகிற இரவுகளை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் பெண்ணின் மாலையும் தாலியும் அந்தக் கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன. தாயான பிறகு கணக்கு எந்தப் பக்கம் சாயும்? ஷெல்லுக்கு மேலே இமையைத் தொட்டுப் பார்த்தேன். சரி, போகட்டும்.

"மது, நான் பண்ணிக்கறேன்டி. உள்ளே போய்ச் சொல்லிட்டு வா."

அவள் எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம்மா."

"உனக்காகத்தான்டி."

"தெரியும். அதான் வேண்டாங்கறேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் ஆனா எனக்குப் படி தெரியலைம்மா."

எனக்குப் புரிந்தது. புரிந்ததை உடம்பு ஏற்றுக்கொள்ள மறுத்தது. எத்தனை நாளா என்று கேட்டேன்.

ஒரு வருஷமாக இப்படித்தானாம். இருட்டின பிறகு ஸ்கூட்டரை எடுப்பதில்லையாம். தனியாக வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டாளாம். எனக்கு வந்ததேதான் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பாவிடம் சொல்லவில்லை, பரத்வாஜிடம் சொல்லவில்லை. எனக்கு ஷெல் போடலாம் என்று அப்பா சொன்னபோது, அம்மாவின் கண்ணை யாரும் பார்க்காவிட்டால் தன் கண்ணையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாளாம். இதையெல்லாம் நிதானமாக, ஆபீஸ் விஷயம் சொல்வதுபோலச் சொன்னாள். தூக்கம் போனபோது பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவள் முகத்தைத் தேடி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கன்னம் நனைந்திருந்தது.

"இன்னிக்கே பரத்வாஜ்கிட்ட சொல்லிடறேன். அவன் என்ன முடிவு பண்ணுவானோ, பண்ணட்டும்" என்றாள். "எல்லாம் இருட்டினப்புறம் என்னதான் மிஞ்சும்னு நினைச்சு நினைச்சு பயந்துண்டு இருந்தேன். இப்போ உள்ளே டாக்டர் சொன்னதைக் கேட்டேன். நீ அந்தக் கண்ணை வெச்சுண்டு இரும்மா. பகல் மிஞ்சும்னு எனக்கு யாராவது காட்டணும்."

உள்ளேயிருந்து நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். கதவைத் திறந்துகொண்டு வந்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.